மூணாம் நம்பர் டிரையருக்கு மூணு கைதட்டு

மனுஷ குலம் இதுவரைக்கும் கண்டுபிடிச்சதுல உருப்படியானது மூணே மூணு. ஒண்ணு நெருப்பு. ரெண்டு சக்கரம். மூணாவது, ‘எதிர்மறைப் பங்கேற்பாளரைக் கையாளும் முறை’. முதல் ரெண்டையும் கண்டுபிடிச்சது யாருன்னு யாருக்கும் தெரியாது. மூணாவதைக் கண்டுபிடிச்சவரை நான் நேர்லயே பார்த்திருக்கேன். அவருக்கு டீ கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். சர்க்கரை ஒன்றரை ஸ்பூன். இந்தப் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

நான் வேலை பாக்குறது ஒரு சலவை ஆலையில. ஆஸ்பத்திரி, ஓட்டல் எல்லாத்துலயும் இருந்து படுக்கை விரிப்பு, தலையணை உறையெல்லாம் அழுக்கா வந்து வெள்ளையா திரும்பிப் போற இடம். எனக்கு மடிப்பு மேசை. ஒரு ஷிஃப்ட்டுக்கு அறுநூறு விரிப்பு மடிப்பேன். என் சம்சாரம் போன்ல கேட்பா, “வீட்டுல இருந்தவரைக்கும் ஒரு துண்டை மடிச்சு வச்சிருப்பீங்களா?” நியாயமான கேள்விதான். பதில் சொல்றதுக்குள்ள சிக்னல் போயிடும்.

ஊருக்குப் போய் மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் கிளம்புறப்ப அவ அஞ்சு மாசம். பொண்ணு பொறந்து, நடந்து, பேசவும் ஆரம்பிச்சிட்டா. அவளைப் பொறுத்தவரைக்கும் அப்பாங்கிறது கைக்கு அடக்கமான ஒரு போன். போனை சார்ஜ்ல போட்டா, “அப்பா சாப்பிடுறாரு, யாரும் தொடாதீங்க”ன்னு சொல்றாளாம். நாப்பது நாள் லீவு கேட்டு நாலு தடவை எழுதிக் குடுத்திருந்தேன். நாலும் ‘பரிசீலனையில்’ இருந்துச்சு. பரிசீலனைங்கிறது மேனேஜரோட மேஜை டிராயர்.

இப்ப ‘ஆனா’ அண்ணனைப் பத்திச் சொல்லணும். அவருக்கு அம்மா அப்பா வச்ச பேரு சம்பளப் பட்டியல்ல மட்டும்தான் இருக்கு. எதைச் சொன்னாலும் “சரி, ஆனா...”ன்னு இழுப்பாரு, அதனால அந்தப் பேரு. டிரையர் அவர் பொறுப்பு. நாலு டிரையர், ஒவ்வொண்ணும் ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கும். நானும் அவரும் ஒரே ரூம். கட்டில்ல மேல் தட்டு எனக்கு, கீழ்த் தட்டு அவருக்கு. நான் வந்த முதல் வாரம் ஜுரத்துல கிடந்தப்ப எனக்கும் சேர்த்து ஷிஃப்ட் பார்த்தவரு. இந்த மாதிரி விஷயமெல்லாம் கதைக்குத் தேவையில்லை, சும்மா சொல்லி வச்சேன்.

அவர் ரெண்டு வருஷமா ஒரே பாட்டு பாடிக்கிட்டிருந்தாரு. “வலையை நான் தினம் நாலு தடவை எடுத்துத் தட்டுறேன். ஆனா மூணாம் நம்பரோட காத்துக் குழாய்க்குள்ள ரெண்டு வருஷமா யாரும் கைவிடல. உள்ளே பஞ்சுத் தூசி மெத்தை மாதிரி படிஞ்சிருக்கு. ஒரு பொறி போதும்.”

டிரையர்ல துணி சுத்துறப்ப அதுலேருந்து பஞ்சு பறக்கும். பாதியை வலை பிடிக்கும். மீதி குழாய்க்குள்ள போய் ஒட்டிக்கும். குழாயைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும்னா ஒரு நாள் ஆலையை நிறுத்தணும். “ஒரு நாளா! ஆலை நின்னா ஆஸ்பத்திரி நின்னுடும்!”னு மேனேஜர் நெஞ்சில கை வைப்பாரு. கடைசியில ஆனா அண்ணன் தலைமை அலுவலகத்துக்கே லெட்டர் போட்டாரு.

அங்கே அந்த லெட்டரை ஒரு குழு போட்டு ஆராய்ஞ்சாங்க. ஆராய்ஞ்சு, கோளாறு குழாயில இல்லைன்னு கண்டுபிடிச்சாங்க. மறு வாரமே அறிவிப்புப் பலகையில ஒரு தாள்:

‘ஆலையில் நிலவும் எதிர்மறை மனப்பான்மையைக் களையும் பொருட்டு, எதிர்வரும் வியாழனன்று ஒரு நாள் முழுவதும் அனைத்து இயந்திரங்களும் நிறுத்தப்பட்டு, மலர்ச்சிப் பயிலரங்கு நடைபெறும்.’

ஆமா. ஒரு நாள் முழுக்க நிறுத்தினாங்க. ஆஸ்பத்திரி நிக்கல.

புதன்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டாரு. டிராயரைத் திறந்து காட்டினாரு. என் லீவு பேப்பர் மேலாக்கக் கிடந்துச்சு.

“பார்த்தியா? மேலேயே இருக்கு.”

“பார்த்தேன் சார்.”

“நாளைக்கு உன்னை ‘உற்சாகத் துணைவர்’ ஆக்கியிருக்கோம். உன் ரூம்காரர் பக்கத்துலயே உக்காரணும். சாயங்காலம் எல்லாருக்கும் பத்துக்கு எத்தனை மலர்ச்சின்னு மதிப்பெண் போடுவாங்க. அவரை ஏழுக்குக் கொண்டு வந்துடு.”

“இப்ப எத்தனை சார்?”

“மைனஸ்னு வச்சுக்கோயேன். ஏழு வந்தா நாப்பது நாள். வரலைன்னா...” டிராயரை மெதுவா மூடினாரு. நல்லா எண்ணெய் போட்ட டிராயர். சத்தமே வரல.

வியாழக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு மெஷினெல்லாம் நின்னுச்சு. மூணு வருஷத்துல முதல் தடவையா அந்த இடத்துல என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டுச்சு. மடிப்பு மேசைகளை ஓரமா தள்ளி, டிரையர்களுக்கு எதிர்ல பதினெட்டு நாற்காலி போட்டிருந்தாங்க. அங்கே பயிற்சியாளர் வந்தாரு. இளநீலச் சட்டை. பதினெட்டு பேருக்காகக் காதுலேருந்து வாய்க்கு ஒரு மைக். பல்லு மொத்தமும் தெரியிற சிரிப்பு, அது பேசும்போதும் போகல, டீ குடிக்கும்போதும் போகல. பத்து நிமிஷத்துல நாங்க அவருக்குச் சிரிப்பு சார்னு பேரு வச்சிட்டோம்.

“எல்லாரும் எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கோம் சார்.”

“கேக்கலையே!”

மைக் அவர்கிட்ட இருந்துச்சு. மெஷின் சத்தமும் இல்லை. அவருக்கு ஏன் கேக்கலைன்னு எனக்குப் புரியல. அதைக் கேக்கிறது குறை ஆயிடும்னு பிற்பாடு தெரிஞ்சுகிட்டேன்.

முதல் பாடமே ‘ஆனா’வைப் பத்திதான். “அந்த ஒரு வார்த்தைதான் மனுஷனுக்கு விஷம். இன்னையோட அதை விட்டுடுங்க. அதுக்குப் பதிலா ‘அதே நேரத்துல’ன்னு சொல்லிப் பாருங்க. எங்கே, ஒரு உதாரணம்!”

ரோலர்ல விரிப்பு இஸ்திரி போடுற இஸ்திரி அக்கா எழுந்தாங்க. “ரோலர் நல்லா ஓடுது சார். அதே நேரத்துல என் கையைச் சுடுது.”

“அருமை! மனசு எவ்வளவு லேசாச்சு பார்த்தீங்களா?”

அக்கா கையைப் பார்த்துக்கிட்டே உக்காந்தாங்க.

நானும் அன்னையிலேருந்து அந்த வார்த்தையை விட்டவன்தான். இந்தக் கதையை முதல்லேருந்து தேடிப் பாருங்க. அண்ணனோட பேருலயும் அந்தப் பாடத்துலயும் மத்தவங்க பேச்சுலயும் இருக்கும். என் வாயிலேருந்து ஒண்ணு கிடைக்காது.

ஆனா அண்ணன் கை தூக்கினாரு. “சார், நல்ல விஷயம். ஆனா இந்த மூணாம் நம்பர் குழாய்...”

இங்கதான் அந்த மகத்தான முறையை முதல் தடவையா என் கண்ணால பார்த்தேன். சிரிப்பு சார் கோபப்படல. ரெண்டு அடி முன்னால வந்து, தலையைச் சாய்ச்சு, ரொம்பக் கனிவா, “நன்றி. உங்க உணர்வை மதிக்கிறேன்”னாரு. ஒரு மஞ்சள் சீட்டைக் குடுத்து, “எழுதிக் குடுங்க. இதை நம்ம ‘நிறுத்துமிடத்துல’ நிறுத்தி வைப்போம். அப்புறமா எடுப்போம்”னாரு.

நிறுத்துமிடம்னா ஒரு வெள்ளைப் பலகை. அண்ணன் எழுதினாரு: ‘மூணாம் நம்பர் குழாயில் பஞ்சு. தீப்பிடிக்கும்.’ சீட்டு பலகையில ஏறுச்சு. எவ்வளவு மரியாதை! ரெண்டு வருஷமா வாயால சொன்னதை யாரும் காதுல போட்டுக்கல. இப்ப கலர் பேப்பர்ல சுவத்துல ஏறிடுச்சு.

பத்தரை மணிக்குள்ள பலகையில அஞ்சு சீட்டு ஆச்சு. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே குழாய். ஒரே ஒரு சீட்டுல மட்டும் ‘கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கிற சிவப்பு சிலிண்டரை எடுத்து மாட்டவும். அது தீயணைக்க’ன்னு இருந்துச்சு. அந்த நிறுத்துமிடத்துல வேற யார் வண்டியும் நிக்கல.

அடுத்த படி, ‘எதிர்மறையாளருக்குப் பொறுப்பு கொடுத்தல்’. சிரிப்பு சார் அண்ணன் கையில ஒரு கடிகாரத்தைக் குடுத்து, “நீங்கதான் நேரக் காப்பாளர்”னாரு. ஆனா அண்ணன் எந்த வேலையையும் அரைகுறையா செய்றவர் இல்லை. இருபது நிமிஷப் பேச்சு இருபதாவது நிமிஷம் முடியணுமா இல்லையா?

“சார், டைம் ஆச்சு.”

“இதோ, ஒரே ஒரு கருத்து...”

“ரெண்டு நிமிஷம் தாண்டியாச்சு சார்.”

“சொல்ல வர்றது என்னன்னா...”

“நாலு.”

கடிகாரம் திரும்பிப் போச்சு. அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்துச்சு.

பதினோரு மணிக்கு அவர் தன்னோட பிரம்மாஸ்திரத்தை எடுத்தாரு. “இனிமே ஒரு விதி. யாராவது ஒரு குறை சொன்னா, நாம திட்டக் கூடாது, மறுக்கக் கூடாது. எல்லாரும் சேர்ந்து மூணு தடவை கைதட்டி, ‘நன்றி, மேல போவோம்’னு சொல்லணும். குறை தானாக் கரைஞ்சு போயிடும்.”

ஒத்திகை பார்த்தோம். பட், பட், பட். நன்றி, மேல போவோம். பதினெட்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி.

“சார், குடிக்கத் தண்ணி காலி,” அழுக்கு மூட்டையை உள்ளே தள்ளிக்கிட்டு வர்ற தள்ளுவண்டிக்காரர் சொன்னாரு.

பட், பட், பட். நன்றி, மேல போவோம்.

“சார், ஏசியிலேருந்து தண்ணி என் தலையில சொட்டுது,” இஸ்திரி அக்கா.

பட், பட், பட்.

அக்கா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. தலையிலேருந்து ரெண்டு சொட்டு வழிஞ்சு வந்துச்சு. மறுபடியும் எழுந்தாங்க. “சார், ஏசி எனக்கு மட்டும் தனியா கவனம் குடுக்குது.”

“இதுதான் மலர்ச்சி!” சிரிப்பு சார் துள்ளினாரு. மேனேஜர் குறிப்பேட்டுல எழுதிக்கிட்டாரு. அக்காவுக்கு அப்பவே ஒன்பது மார்க். ஈரமான ஒன்பது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு ஒரு பழமொழி உண்டு. அது பயிலரங்கு வர்றதுக்கு முன்னாடி வந்தது.

சாப்பாட்டு நேரத்துக்குள்ள பலகையில பதினோரு சீட்டு ஆயிடுச்சு. சிரிப்பு சார் பலகை முன்னாடி நின்னு சிரிச்சுக்கிட்டே ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாரு. “நம்ம பங்கேற்பு எவ்வளவு அதிகம்னு காட்டணுமில்ல?” அண்ணனோட மதிப்பெண்ணை மேனேஜர் குறிப்பேட்டுல எட்டிப் பார்த்தேன். ரெண்டு. அதுவும் கையெழுத்து தெளிவா இருந்ததுக்காகப் போட்டிருப்பாங்க.

நான் அண்ணனை டிரையர் பக்கம் தள்ளிக்கிட்டுப் போனேன். அவர் பழக்க தோஷத்துல மூணாம் நம்பரோட வலையை உருவித் தட்டிக்கிட்டிருந்தாரு. மெஷின் ஓடலைன்னாலும் தட்டுறாரு.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுடா.”

“மத்தியானம் மட்டும் வாயைத் திறக்காதீங்க. உங்க மார்க் ஏழு வந்தாதான் எனக்கு லீவு.”

அவர் வலையைக் கீழ வச்சாரு. “என்னது? என் வாய்க்கும் உன் லீவுக்கும் என்னடா சம்பந்தம்?”

“டிராயர்ல மேலாக்க இருக்குண்ணே. கண்ணால பார்த்தேன்.”

“அடப்பாவி. ஒரு குழாய்க்கு ஒரு அப்பனை அடகு வச்சிருக்காங்க பாரு.” கொஞ்ச நேரம் குழாயை அண்ணாந்து பார்த்தாரு. கூரையோரமா அது நீளமா ஓடி, சுவத்துல ஓட்டை வழியா வெளிய போகுது. “உன் பொண்ணுக்கு என்ன வயசு இப்ப?”

“ரெண்டே முக்கால்.”

“போனுக்கு முத்தம் குடுக்குதுன்னியே, அதே பொண்ணுதானே?”

“எனக்கு இருக்கிறதே ஒண்ணுதான்ணே.”

“சரி போ. வாயே திறக்கல. ரெண்டு வருஷம் பொறுத்த குழாய் ஒரு மத்தியானம் பொறுக்காதா?”

சொன்னா சொன்னதுதான். மத்தியானம் ரெண்டு மணியிலேருந்து அவர் பேசவே இல்லை. குறை சொல்ல எத்தனையோ வாய்ப்பு வந்துச்சு. ஒரு காலை மடக்கி நிக்கச் சொன்னாங்க, நின்னாரு. பக்கத்துல இருக்கிறவரைக் கட்டிப் பிடிக்கச் சொன்னாங்க, என்னைப் பிடிச்சாரு, விலா எலும்பு நெறிபட்டுச்சு. “நீ ஒரு மரம்”னாங்க, கையை விரிச்சு மரமா நின்னாரு. மார்க் நாலாச்சு, அஞ்சாச்சு, ஆறாச்சு. நான் மனசுக்குள்ள பெட்டியே கட்ட ஆரம்பிச்சிட்டேன்.

நாலு மணிக்கு நிறைவு விழா. சிரிப்பு சார் குரலைத் தழைச்சாரு. மைக் இருந்ததால தழைஞ்ச குரலும் சத்தமாத்தான் கேட்டுச்சு.

“நீங்க சலவைக்காரங்க. அழுக்கை எடுக்கத் தெரிஞ்சவங்க. இன்னைக்கு உங்க மனசோட ஈரத்தையும் உலர்த்தப் போறோம். ஆளுக்கு ஒரு சீட்டுல உங்க எதிர்மறை எண்ணத்தை எழுதுங்க. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு, அதோ, அந்த டிரையர்ல சுத்த விடப் போறோம்!”

கையை நீட்டினாரு. நாலு டிரையர்ல எதைக் காட்டினாருன்னு சொல்லணுமா?

பலகையில இருந்த பதினோரு சீட்டும் இறங்குச்சு. நாங்க ஆளுக்கொண்ணா எழுதின பதினெட்டும் சேர்ந்துச்சு. மொத்தம் இருபத்தொன்பது. கதவைத் திறந்து, பூ தூவுற மாதிரி உள்ளே தூவினாரு. இப்படி லேசான காகிதத்தைப் போட்டா அது பறந்து போய் வலையில அப்பிக்கும். காத்து போக வழியில்லாம சூடு உள்ளேயே நிக்கும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல ரெண்டு வருஷத்துப் பஞ்சு காத்துக்கிட்டிருக்கு. இது மடிப்பு மேசைக்காரன் எனக்கே தெரியும்.

ஆனா அண்ணன் என்னைப் பார்த்தாரு. நானும் அவரைப் பார்த்தேன். கண்ணாலயே கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முகத்துல என் பொண்ணு ஒரு நிமிஷம் வந்துட்டுப் போனா. அப்புறம் அவர் எழுந்துட்டாரு.

“சார், வேணாம். மூணாம் நம்பர்ல மட்டும் வேணாம். காகிதம் வலையை அடைச்சு...”

பட்.

முதல் தட்டு யாருதுன்னு அப்புறம் நிறையப் பேர் கேட்டாங்க. என்னுதுதான்.

பட், பட். மத்தவங்க சேர்ந்துகிட்டாங்க. நன்றி, மேல போவோம். சிரிப்பு சார் பச்சைப் பொத்தானை அமுக்கினாரு.

அண்ணன் உக்காரல. சுவரோரமா போய் நின்னுகிட்டாரு. சிரிப்பு சார் எங்களைக் கண்ணை மூடச் சொன்னாரு. “உங்க கவலையெல்லாம் சுத்துது... உலருது... லேசாகுது...” எட்டு நிமிஷம் இருக்கும். எனக்கு ஒரு வாசனை வந்துச்சு. கண்ணைத் திறந்தேன். எல்லாரும் ஏற்கனவே திறந்துதான் வச்சிருந்தாங்க. யாரும் எதுவும் சொல்லல. எப்படிச் சொல்றது? குறையாச்சே.

தள்ளுவண்டிக்காரர்தான் தொண்டையைக் கனைச்சாரு. “சார், அறை நல்லா கதகதப்பா இருக்கு.”

“அருமை!”

“சார், மூணாம் நம்பர் இன்னைக்கு வழக்கத்தை விட உற்சாகமா இருக்கு,” இஸ்திரி அக்கா. நாற்காலியைப் பின்னால இழுத்துக்கிட்டாங்க.

மேனேஜர் மூக்கை உறிஞ்சினாரு. “காத்துல ஒரு... ஒரு அடர்த்தி தெரியுது.”

எனக்கும் பொறுக்கல. “சார், குழாய்க்குள்ள வெளிச்சம் தெரியுது.”

“வெளிச்சம்!” சிரிப்பு சார் ரெண்டு கையையும் தூக்கினாரு. “கவனிச்சீங்களா? உள்ளேருந்து வெளிச்சம் வருது! இதைத்தான் நான் காலையிலேருந்து சொல்றேன்!”

அந்த நேரம் கூரையோரம் குழாய் மூட்டு பிளந்து, எரியிற பஞ்சு கொத்துக் கொத்தா கீழ விழ ஆரம்பிச்சுது. ஆனா அண்ணன் ஏற்கனவே கேஸ் வால்வை அடைச்சிட்டு, மெயின் சுவிட்சை அணைச்சிட்டு, கதவுக்கு முட்டுக் குடுத்திருந்த சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துக்கிட்டிருந்தாரு.

“தீப்பிடிச்சிருக்குடா! எல்லாரும் வெளிய ஓடுங்க!”

பழக்கம் எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்குது பாருங்க. பாதிப் பேர் மூணு தடவை தட்டிட்டுத்தான் ஓடினாங்க. தள்ளுவண்டிக்காரர் “நன்றி, மேல போவோம்”னு முழுசா சொல்லி முடிச்சிட்டு ஓடினாரு. சிரிப்பு சார் எல்லாருக்கும் முன்னாடி போயிட்டாரு. மைக் அவர் காதுலயே இருந்ததால அவர் ஓடுற மூச்சு மட்டும் ஸ்பீக்கர்ல கொஞ்ச நேரம் கேட்டுச்சு.

நல்லவேளையா யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. குழாய் முழுசும் போச்சு, கூரையில பாதி போச்சு. அண்ணனுக்கு ரெண்டு உள்ளங்கையும் வெந்து போச்சு. புருவம் கருகி, பார்க்க எப்பவும் ஆச்சரியப்படுற மாதிரி ஆயிட்டாரு. அவரை எங்க விரிப்பு போற ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனாங்க. நான் மடிச்ச விரிப்பு மேல அவரைப் படுக்க வச்சாங்க.

வேலை சுத்தம்னா சிரிப்பு சார்தான். வாசல்ல, தீயணைப்பு வண்டி நிக்கிறப்பவே, மதிப்பெண் தாளை நீட்டினாரு. பதினேழு பேருக்கும் பத்துக்குப் பத்து. அண்ணன் அந்த இடத்துல இல்லாததால அவர் பேரைக் கணக்குல சேர்க்கல. ‘பயிலரங்கின் முடிவில் எஞ்சிய எதிர்மறைப் பங்கேற்பாளர்கள்: பூஜ்யம்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. வரலாற்றுலயே இவ்வளவு முழுசா வேலை செஞ்ச முறை வேற உண்டா?

அப்புறம் விசாரணை. தலைமை அலுவலகத்துலேருந்து வந்தவங்க ரொம்ப நியாயமானவங்க. ஆதாரம் இல்லாம எதையும் பேசல. அறிக்கையில இப்படி இருந்துச்சு: ‘தீக்குக் காரணம், இயந்திரத்தினுள் இருந்த காகிதச் சீட்டுகள். மொத்தம் இருபத்தொன்பதில் பன்னிரண்டு, டிரையர் இயக்குநர் ஒருவரே எழுதியவை. எனவே எரிபொருள் வழங்கியதில் பெரும்பங்கு அவரையே சாரும்.’ எரிஞ்சு சாம்பலான சீட்டுல கையெழுத்தை எப்படிப் பார்த்தாங்கன்னு கேப்பீங்க. அதான் சிரிப்பு சார் போட்டோ எடுத்து வச்சிருந்தாரே! பலகை, பதினோரு மஞ்சள் சீட்டு, அதுல பளிச்சுன்னு எழுத்து. அந்தப் போட்டோவையும் அறிக்கையோட சேர்த்துக் குத்தியிருந்தாங்க.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு டிராயரைத் திறந்தாரு.

மேலாக்க என் லீவு பேப்பர். அதுக்கு அடியில சாட்சி வாக்குமூலம். ரெண்டையும் மேஜை மேல பக்கத்துல பக்கத்துல வச்சாரு.

“ரெண்டு கையெழுத்து. ஒண்ணு நான் போடுறேன், ஒண்ணு நீ போடு.”

வாக்குமூலத்துல ஒரே ஒரு வரிதான். ‘விபத்துக்கு முன்னர் எவரிடமிருந்தும் எந்த எச்சரிக்கையும் பெறப்படவில்லை.’ பக்கத்துலயே விசாரணை அறிக்கை, அதுல குத்தின போட்டோ. ‘மூணாம் நம்பர் குழாயில் பஞ்சு. தீப்பிடிக்கும்.’ பதினொண்ணையும் படிச்சேன். அண்ணனுக்கு அழகான கையெழுத்து.

“சார், இந்தப் போட்டோவுல...”

மேனேஜர் ரெண்டு கையையும் லேசா தூக்கினாரு. தட்டல. தூக்கினதே போதுமா இருந்துச்சு.

“நாப்பது நாளா சார்?”

“நாப்பத்தஞ்சு போட்டிருக்கேன். பொண்ணை நல்லா பார்த்துட்டு வா.”

போட்டேன். பேனா நல்லா எழுதுச்சு.

எங்க ஆலை எவ்வளவு கருணையானதுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். நாலு தடவை கெஞ்சின எனக்கு நாப்பத்தஞ்சு நாள்தான். லீவே கேக்காத ஆனா அண்ணனை நிரந்தரமா ஊருக்கு அனுப்பி வச்சாங்க. அதுவும் எனக்கு ஒரு வாரம் முன்னாடியே.

அவர் போன காலையில கம்பெனி வேன் வாசல்ல நின்னுச்சு. அவர் கையில கட்டு இருந்ததால பெட்டியை நான் தூக்கிட்டு வந்தேன். அந்த ஒரு பெட்டியிலேயே எட்டு வருஷமும் அடங்கிடுச்சு.

“புது ஆள் வந்தா சொல்லு,”ன்னாரு. “வலையைத் தினம் நாலு தடவை தட்டணும். மூணுன்னா பத்தாது.”

“சொல்றேண்ணே.”

“பொண்ணுகிட்ட பெரியப்பா கேட்டதா சொல்லு. முதல்ல பயப்படும். போன்லேருந்து ஆள் வெளிய வந்துட்டான்னு அலறும். நீ பாட்டுக்குத் தூக்கிடாத, அதுவா கிட்ட வரட்டும்.”

“சரிண்ணே.”

டிரைவர் ஹாரன் அடிச்சாரு. அண்ணன் வேன் படியில ஒரு காலை வச்சாரு. நான் பெட்டியை உள்ளே தள்ளிட்டு, கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். இதுக்கு மேல முடியல.

“அண்ணே, அந்த வாக்குமூலத்துல நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“தெரியும். படிச்சுக் காட்டினாங்க.”

“போட்டேன்தான்ணே. ஆனா...”

அவர் காலைக் கீழ எடுத்து வச்சாரு. எனக்கு நேருக்கு நேரா திரும்பினாரு. கட்டுப் போட்ட ரெண்டு கையையும் தூக்கி, மெதுவா, மூணு தடவை தட்டினாரு. பஞ்சும் துணியும் சுத்தின கை. சத்தமே வரல.

“நன்றி,”ன்னாரு. “மேல போவோம்.”